கைத்தறித் துணியும் இரும்பும்: துணிச் சிற்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெய்த துணி, முடிச்சுப் போட்ட கயிறு, பின்னிய வலை ஆகியவற்றோடு இரும்புக் கம்பி, தகடு, சிமெண்ட், ரெசின் (ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) போன்ற பட்டறைச் சாமான்களைச் சேர்த்துச் சிற்பம் செய்வது என் வேலை. பட்டறைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளம். என் கை சுட்டுக்கொண்ட இடங்கள் அவை.

துணியில் சிற்பமா? சிற்பம் என்றால் கல், மரம், வெண்கலம்தானே?

தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரக் கூடாது. நாரை முடைந்தால் அது உருவமாக நிற்கும்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். 1970களின் தொடக்கத்திலிருந்து சாயமேற்றிய சணப்புக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். தறி கிடையாது, முன்கூட்டிய வரைபடமும் கிடையாது. ஒன்றை முடிக்கப் பல மாதங்கள் ஆகும். 1984இல் செய்த ‘யக்ஷி’, 1994இல் செய்த ‘வனஸ்ரீ’ இரண்டின் படங்களையாவது தேடிப் பாருங்கள். தடித்த மடிப்புகள், உதடுகள், இதழ்கள் என்று நார் சதையாக மாறியிருக்கும். தானே நிற்கும் பெரிய உருவங்களுக்குள் உலோகச் சட்டம் இருக்கிறது. வெளியே தெரியாது.

அவருடைய ஆசிரியர் சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘கைவேலை வேறு, கலை வேறு’ என்ற சுவரை அவர் மாணவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாததற்கு அந்தப் பின்னணியும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

போலந்தில் மக்தலேனா அபகானோவிச் (1930–2017) துறைமுகங்களில் கழித்துப் போட்ட கப்பல் கயிறுகளைப் பொறுக்கி, பிரித்து, சாயமேற்றி, 1960களில் கூரையிலிருந்து தொங்கும் மாபெரும் நெசவு உருவங்களைச் செய்தார். அவர் பெயரை வைத்தே அவற்றுக்கு ‘அபகான்’ என்று பெயர். அப்புறம் கோணித் துணியை ரெசினில் தோய்த்து, குனிந்த முதுகுகளாக வார்த்தெடுத்தார். 1976 முதல் 1980 வரை செய்த அந்த வரிசையில் 80 முதுகுகள். தலை கிடையாது, முன்பக்கம் வெறும் குடைவு.

கைத்தறித் துணிதான் வேண்டுமா? விசைத்தறித் துணி மலிவாயிற்றே?

விசைத்தறித் துணியில் ஒரு குற்றமும் இல்லை. சோதனை வேலைகளுக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் கைத்தறியில் ஒரு வசதி உண்டு. தறிக்காரரிடம் போய்ப் பேசலாம்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்யும் ஒரு பெரியவரிடம், “ஏனுங்க ஐயா, நடுவுல ஒரு முழம் ஊடை போடாம வெறும் பாவாவே உட்டுருங்க” என்று கேட்டேன். “துணி பாழாப் போயிருமே கண்ணு” என்றார். பாழாகத்தான் வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க அரை நாள் ஆயிற்று. அவர் விட்டுக் கொடுத்த அந்த வெறும் பாவு நூல்களைத்தான் தகட்டில் போட்ட துளைகளில் ஒவ்வொன்றாகக் கோத்தேன். ஒரு பக்கம் துணி, நடுவில் தகடு, மறுபக்கம் அதே நூல் மறுபடி துணியாகிறது. தைத்து ஒட்டிய இடம் என்று எதுவுமே இல்லை. மில் துணியை வாங்கி ஊடையை உருவியும் இதைச் செய்யலாம். ஆனால் உருவும்போது பாவு நூல்கள் சிலும்பிப் போகும்.

ஊடையாக மெல்லிய செம்புக் கம்பியையோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியையோ போட்டு நெய்யவும் சொல்லலாம். அப்படி நெய்த துணியை எப்படி மடிக்கிறீர்களோ அப்படியே நிற்கும். கம்பியைத் தார்க்குச்சியில் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்றி விசைநாடாவில் (கயிற்றை இழுத்தால் ஓடும் ஓடம்) ஓட்டினால் முறுக்கிக்கொண்டு வம்பு செய்யும். குச்சியில் சுற்றிக் கையாலேயே கொடுத்து வாங்க வேண்டும். அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலியையும் அதற்கேற்பப் பேசுங்கள். இது புதுசு ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியின் நெசவாளர் ஆனி ஆல்பெர்ஸ் 1930இல் தம் பட்டய வேலைக்காக, பெர்லினுக்கு அருகே பெர்னாவ் என்ற ஊரில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளியின் அரங்குக்கு ஒரு சுவர்த் துணி நெய்தார். அதில் பருத்தியோடு செலஃபேனைச் சேர்த்தார். ஒரு முகம் ஒளியைத் திருப்பி அனுப்பும், மறுமுகம் ஒலியை உறிஞ்சும்.

துணியும் இரும்பும் எங்கே வாங்குவது?

முரட்டுத் துணிக்கு பவானி, சென்னிமலை, கரூர். பனியன் கழிவுக்குத் திருப்பூர், எடைக்குக் கிடைக்கும். கோரைக்குப் பத்தமடை. சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. எந்த நூலை எந்தத் தறியில் போடலாம் என்று கேட்க அதுதான் இடம். இரும்புக்கு உங்கள் ஊர்க் காயலான் கடையே போதும். புதுக் கம்பி வாங்கிப் பழக வேண்டாம், காசு வீண்.

இரும்பு பட்டால் துணியில் கறை ஏறுமே, அதை எப்படித் தடுப்பது?

முதலில் கறை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். இரும்புக் கறை நம்மூரில் சாயமாகவே இருந்திருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுகிறவர்களின் கறுப்பு மை என்ன? இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர். பானையிலிருக்கும்போது அது கறுப்பாகக்கூட இருக்காது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியில் பட்டதும்தான் கறுக்கும். கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது.

இதை நான் தற்செயலாகத்தான் கற்றுக்கொண்டேன். கடுக்காய் போட்ட காடாத் துணியைப் பெயிண்ட் அடிக்காத இரும்புச் சட்டத்தில் சுற்றிவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். ஐப்பசி மழை. திரும்பி வந்து பிரித்தால், கம்பி போன இடமெல்லாம் துணியில் கரிக்கோடு. கம்பியின் மேலிருந்த முறுக்குக்கூட அச்சாக விழுந்திருந்தது. அழிக்க என்னென்னவோ செய்தேன், போகவில்லை. அப்புறம் அதையே வேலையாக்கினேன். இப்போது வேண்டுமென்றே கடுக்காய்த் துணியைச் சுற்றி, தண்ணீர் தெளித்து, இரண்டு நாள் பாலித்தீன் போட்டு மூடிவைக்கிறேன்.

அழகாயிருக்கிறதே என்று எல்லாத் துணியிலும் செய்துவிடாதீர்கள். இரும்பு பருத்தியை மெல்லத் தின்னும். ஈரக்காற்றில் அது பருத்தி இழையின் சிதைவை முடுக்கிவிடுகிறது. பழைய துணிகளில் மற்ற நிறங்கள் நன்றாயிருக்க, இரும்பில் கறுப்பேற்றிய கோடுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அதனால் கறை உள்ள இடத்தில் பாரம் தாங்கவிடாதீர்கள். அது கண்ணுக்கு மட்டும்.

கறை வேண்டாமென்றால், கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை, மேலே பெயிண்ட் இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே முழுதாகக் காயவிடுங்கள். பெயிண்ட் மேல்பார்வைக்குக் காய்ந்தாலும் ஒரு வாரத்துக்குத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். துணி தொடும் இடத்தில் பாலியெஸ்டர் ஃபிலிமோ டெஃப்லான் டேப்போ ஒரு சுற்று. நட், போல்ட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்கரை ஊர் என்றால் அதில் 304 ரகம் போதாது, 316 ரகம் கேட்டு வாங்குங்கள். பித்தளை, செம்பு துருப்பிடிக்காது என்று நம்பிப் போட்டால் பச்சைக் கறை வரும்.

துணியையும் இரும்பையும் எப்படி இணைப்பது?

என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விதான் கேள்வி. மற்றதெல்லாம் இதன் கிளைகள். துணி நன்றாயிருக்கும், இரும்பு நன்றாயிருக்கும், இரண்டும் சேரும் இடம் பொய்யாயிருந்தால் வேலை செத்தது.

புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் தெருவில் பாருங்கள். நாமக்கல் லாரியில் தார்ப்பாய் கட்டுகிறார்களே, அதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தார்ப்பாயின் ஓரத்தை மடித்துத் தைத்து வளையம் அடித்திருப்பார்கள். லாரியின் பக்கவாட்டில் கொக்கிகள். கயிறு வளையத்துக்கும் கொக்கிக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒரு சொட்டுப் பசை இல்லை. வண்டி நாக்பூர் வரை போனாலும் துணி கிழியாது, ஏனென்றால் இழுவை ஓர் இடத்தில் நிற்பதில்லை. கயிறு வழியாக நகர்ந்து பரவிவிடும்.

அடுத்து குடை. கம்பிகளின் நுனியில் துணியை நாலைந்து தையல் போட்டுப் பிடித்திருப்பார்கள், நடுவில் ஆங்காங்கே ஒரு முடிச்சு. அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் துணி கம்பியின் மேல் சும்மா சாய்ந்திருக்கிறது. மூன்றாவது, வீட்டுத் தூளி. உத்தரத்து இரும்புக் கொக்கியில் அம்மாவின் நூல் புடவை. பத்துக் கிலோக் குழந்தை உதைத்து ஆடினாலும் புடவை ஏன் கிழிவதில்லை? அகலம் முழுவதையும் சுருக்கிச் சேர்த்து முடிச்சுப் போடுவதால் பாரம் ஆயிரக்கணக்கான பாவு நூல்களுக்கும் பங்காகிறது. அதே புடவையில் ஒரு துளை போட்டு ஆணியில் மாட்டிப் பாருங்கள், ஒரு நாள் தாங்காது.

ஆக, நான் செய்வதெல்லாம் இந்த மூன்றின் பேரப்பிள்ளைகள்தான். ஓரத்தைக் கோத்துக் கட்டலாம். சில இடத்தில் மட்டும் பிடித்து மற்றதைச் சாயவிடலாம். மொத்தத்தையும் கொத்தாகச் சேர்த்துத் தூக்கலாம். நாலாவதாக, இரண்டு பட்டைக் கம்பிகளுக்கு நடுவே துணியை வைத்து போல்ட் போட்டு நெரிக்கலாம். இதில் போல்ட் துணியைத் துளைத்தே போக வேண்டுமென்றால், குத்தூசியால் இழைகளை விலக்கி வழி செய்யுங்கள். டிரில் போட்டால் இழைகள் அறுந்து சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

தகட்டில் துளை போட்டு நூல் கோப்பது எனக்குப் பிடித்த வழி. துளை போட்டதும் பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு நிற்கும். அந்தப் பிசிறுதான் நூலின் எமன். பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்துத் துளையின் இரண்டு வாயிலும் நாலு சுற்றுச் சுற்றினால் விளிம்பு மழுங்கும். அப்புறம் பழைய நைலான் சாக்ஸைத் துளை வழியாக இழுத்துப் பாருங்கள். எங்காவது இழை மாட்டினால் இன்னும் வேலை பாக்கி.

இதில் எல்லை கண்டவர் ஈவா ஹெஸ்ஸே. 1936இல் ஹாம்பர்க்கில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1964–65இல் ஜெர்மனியில் ரூர் ஆற்றங்கரைக் கெட்விக் ஊரில், ஓட்டம் நின்றுபோன ஒரு ஜவுளி ஆலைக்குள் அவருக்குப் பட்டறை கிடைத்தது. ஆலையில் கிடந்த கயிறுகளையும் இயந்திரத் துண்டுகளையும் வைத்துத்தான் ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தார். பிறகு செய்த ‘அக்ஸெஷன்’ வரிசையில், துளைகள் நிறைந்த உலோகப் பெட்டியைப் பட்டறையில் செய்து வாங்கி, அதன் துளைகளில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கோத்தார். டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்டியில் 30,000-க்கும் மேல் துளைகள். வெளியே பார்த்தால் ஒழுங்கான நெசவு போலிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் மயிர் சிலிர்த்த மிருகம். துணியே இல்லாமல் நெசவின் செய்கை மட்டும் இரும்பில் ஏறியிருக்கிறது.

காஞ்சிபுரம் தறியிலும் இந்த இணைப்பு வித்தை உண்டு. கோர்வை என்ற முறையில் கரையும் உடலும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிட்னி என்ற முறையில் முந்தானைப் பாவு நூலை உடல் பாவு நூலோடு ஒவ்வோர் இழையாகப் பிணைப்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் லேசான தழும்புக்கோடு தெரியும். யாரும் அதை ஒளிப்பதில்லை. அசல் என்பதற்கு அதுதான் சாட்சி என்று தொட்டுக் காட்டுவார்கள்.

இவ்வளவு எதற்கு? நல்ல பசை போட்டு ஒட்டினால் போதாதா?

ஒட்டினேன். ஓர் அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்துக்குச் செய்த வேலை. தகட்டில் கைத்தறித் துணியை ரப்பர் பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு வளைவாகத் தொங்கவிட்டிருந்தேன். வைத்த அன்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். சித்திரை வந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக மாலை வெயில் தகட்டில் விழுந்து, பசை இளகி, துணி பாதி உரிந்து வரவேற்பு மேசைமேல் தொங்கியது. தேன் நிறத்தில் பசை துணியின் முகப்புக்கு ஊறி வந்திருந்தது. திரும்ப எடுத்துச் செய்ய வழியே இல்லை.

பசையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான், கழற்ற முடியாது. துணிக்கு வயது குறைவு, இரும்புக்கு அதிகம். துணியை மாற்ற வேண்டிய நாள் வரும். போல்ட்டைக் கழற்றலாம், கோத்த நூலை அவிழ்க்கலாம். ஒட்டியதை என்ன செய்வது?

வெல்டிங் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கட்டாயமில்லை. எனக்கே சுமாராகத்தான் வரும், பெரிய வேலைகளைக் கிரில் பட்டறை அண்ணன்தான் செய்து தருகிறார். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே துணி பட்டறைக்குள் வரவேண்டும். ஒரு சின்ன இணைப்பு மட்டும் பாக்கி என்று துணியோடு கொண்டுபோனால், ஒரு தீப்பொறி போதும். பருத்தி கங்கு பிடித்து ஓசையில்லாமல் கனியும், அரை மணி கழித்துத்தான் தெரியும். பாலியெஸ்டர் உருகி உடம்பில் ஒட்டும். அடுத்தது, ஜி.ஐ. பைப்பை வெல்ட் செய்தால் துத்தநாகப் புகை வரும், அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். புகையைப் பால் தடுக்காது. மேல்பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு செய்யச் சொல்லுங்கள்.

சிமெண்டில் துணியை முக்கி உருவம் செய்யலாமா?

செய்யலாம். பழைய துண்டை முக்கிப் பூந்தொட்டி செய்யும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்டுக் கரைசலின் நீரை அது குடித்துவிடும். கரைசல் தோசை மாவுப் பதம். உள்ளே கம்பி வலை. மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும்.

பருத்தி காரத்தைக் கொஞ்சம் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்காது, அவை புரத இழைகள். பட்டுப் புடவையைச் சிமெண்டில் முக்கும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பருத்தி, சணல்கூட சிமெண்டுக்குள் வருஷக்கணக்கில் இருந்தால் இறுகி நொறுங்கும். அதனால் துணி கொடுத்த மடிப்பு நிற்கும் என்று மட்டும் நம்பலாம், துணி தாங்கும் என்று நம்பக் கூடாது. பாரத்தைக் கம்பி வலையிடம் விடுங்கள்.

ரெசின், ரப்பர் பால் இரண்டில் எது நல்லது?

எது எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஹெஸ்ஸே 1969இல் ‘கன்டிஞ்சென்ட்’ என்று ஒரு வேலை செய்தார். வலைத்துணியை ரப்பர் பாலில் தோய்த்து, இரு முனைகளிலும் ஃபைபர் கிளாஸோடு சேர்த்து, எட்டுத் திரைகளாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். ஒளி ஊடுருவும்போது தேன் மாதிரி இருக்கும். அடுத்த வருஷமே 34 வயதில் இறந்துபோனார். அவர் வேலைகளில் ரப்பர் பால் போட்டவை பல, காலப்போக்கில் பழுத்து, இறுகி, நொறுங்கத் தொடங்கிவிட்டன. ஃபைபர் கிளாஸ் நிற்கிறது. ரப்பர் நிற்காது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் சுலபமாகக் கிடைக்கும், கை வைக்க இதமான பொருள், ஆசையாகத்தான் இருக்கும். பழகுங்கள். ஆனால் காசு வாங்கி விற்கும் வேலையில் போடும்போது, இது மாறும் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். செம்புக் கம்பியோடு சேர்க்காதீர்கள், செம்பு ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும்.

பாலியெஸ்டர் ரெசினுக்கு ஃபைபர் படகு செய்கிற கூடங்களில் போய் நின்று பாருங்கள், ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. அதில் கோபால்ட் என்றும் கேட்டலிஸ்ட் என்றும் இரண்டு சின்னப் பாட்டில்கள் இருக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

தொங்கவிட்ட துணி நாளாக நாளாகத் தாழ்ந்துவிடுகிறதே?

எல்லாத் துணியும் தாழும். முறைத்துக்கொண்டு பயனில்லை. துணி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். ஜவுளித் துறைக் கணக்கில், 65 சதவீத ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பட்டு 11, சணல் 13.75. அக்னி நட்சத்திரத்தில் கச்சிதமாகக் கட்டிய வேலை கார்த்திகையில் வேறு மாதிரி இருக்கும். கயிற்றுக் கட்டிலை வாங்கிய கையோடு யாரும் இறுக்கிவிட்டு மறந்துவிடுவதில்லை, கால்மாட்டில் இறுக்கு கயிறு வைத்திருப்பார்கள். அதையே செய்யுங்கள். நீள போல்ட்டோ டர்ன்பக்கிளோ (திருகி இறுக்கும் இணைப்பு) வைத்தால் பார்த்துப் பார்த்து முறுக்கிக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள். கஞ்சி போகும், சுருங்குவது சுருங்கும். பிறகு பாவு மேலிருந்து கீழாக வரும்படி இரண்டு வாரம் சும்மா தொங்கவிட்டுவிட்டு அளவெடுங்கள்.

வெளியில் வைக்கலாமா?

பருத்தி, சணல், பட்டு என்றால் வேண்டாம். மீன்வலை, எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கயிறு என்றால் சில வருஷம். வெயில் அவற்றையும் தின்னும்.

பூச்சி, தூசிக்கு என்ன செய்வது?

கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி விடாது, அதனால் கஞ்சி போடாதீர்கள். சிறிய துண்டாக இருந்தால் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் விடுங்கள். தூசிக்கு வாக்குவம், அதன் வாயில் நைலான் வலைத்துணி கட்டி. வீட்டில் இதைச் செய்தால் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று சண்டை வரும். வரட்டும்.

இறந்துபோன அம்மாவின் புடவையில் ஒரு சிற்பம் செய்து தருவீர்களா?

மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். செய்திருக்கிறேன், ஆனால் இப்போது முதலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மூன்று மாதம் கழித்தும் கேட்டால் வாங்கிக்கொள்கிறேன். துணியை வெட்டாமல், துளைக்காமல், மடிப்பும் கொத்தும் மட்டும் வைத்துத்தான் செய்வேன். வேண்டும் என்ற அன்று கழற்றி உடுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ஒரு பெண் உண்மையிலேயே கழற்றி எடுத்துப் போனாள், தங்கை வளைகாப்புக்கு. இரும்புச் சட்டம் மட்டும் ஒரு வாரம் அவள் வீட்டுச் சுவரில் வெறுமனே இருந்தது.

நெசவாளர் பெயரைப் போட வேண்டுமா?

போடுங்கள். வேலையின் அட்டையில் ‘கைத்தறிப் பருத்தி, இரும்பு’ என்று பொருள்களின் பெயர் போட இடமிருக்கிறது, நெய்தவர் பெயர் போட இடமில்லையா? அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். எனக்காகப் பாவை வெறுமனே விட்ட பெரியவர், “பேரெல்லாம் எதுக்கு கண்ணு, அடுத்த தடவ கூலிய முன்னாடியே குடு” என்றார். நியாயம்தான். வழக்கமில்லாத நெசவுக்கு வழக்கமான கூலி கொடுப்பது தப்பு. கெட்டுப்போகும் துணிக்கும் சேர்த்துத்தான் கூலி.

இது கைவேலைதானே, கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ரூத் அசாவா (1926–2013) மெக்சிகோவின் தொலூகாவில் 1947இல் உள்ளூர்க் கூடை பின்னும் முறையைக் கற்றுக்கொண்டு, அதே சுழிமுறையில் கம்பியைப் பின்னி, ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் உருவங்களைச் செய்தார். 1950களில் அவரைக் கைவேலைக்காரப் பெண்மணியாகப் பார்த்த விமர்சகர்கள் உண்டு. 2020இல் அமெரிக்கத் தபால்துறை அவர் வேலைகளை அஞ்சல்தலையாக வெளியிட்டது. எல் அனட்சூயி கானாவில் கென்டே என்ற துணி நெய்யும் குடும்பத்தில் பிறந்து நைஜீரியாவில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். மதுப்பாட்டில் மூடிகளைத் தட்டி, மடக்கி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு துணி போலத் தொங்கவிடுகிறார். எப்படி மடித்துத் தொங்கவிட வேண்டும் என்பதைக் கண்காட்சி வைக்கிறவர்களிடமே விட்டுவிடுவார். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை.

முதலில் எதைச் செய்து பார்ப்பது?

ஓர் அடி நீளத்தில் 8 மி.மீ. கம்பித் துண்டு மூன்று, ஓர் அடி நீளத் தகட்டுப் பட்டை ஒன்று, பழைய நூல் வேட்டியில் முழ அகலத்தில் நாலு துண்டு. ஒன்றைக் கம்பியில் சுற்றித் தையுங்கள். ஒன்றைத் தகட்டில் எட்டுத் துளை போட்டுக் கோத்துக் கட்டுங்கள். ஒன்றைக் கொத்தாகச் சேர்த்து முடியுங்கள். ஒன்றை, ஆசை தீர, ஒட்டுங்கள். நாலின் கீழ் முனையிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டி, ஜன்னலோரம் பத்து நாள் தொங்கவிடுங்கள். தினமும் ஒருமுறை கம்பிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள், பாட்டிலைப் பார்க்க வேண்டாம். கோத்த துண்டில் நூல் போகும் இடங்களில் துணியின் இழைகள் விலகி நீளவாக்கில் வாய் திறந்திருந்தால், அங்கே இன்னும் இரண்டு துளை சேர்த்துக் கோத்து, மறுபடி பத்து நாள் விடுங்கள்.